கடைசி மரக்கால்

மதுரையிலிருந்து திருச்சிக்குப் போகிற சாலையில் மேலூரைத் தாண்டி, கருங்காலக்குடியையும் தாண்டினால் எங்கள் கொட்டாம்பட்டி வரும். திருச்சி பஸ்ஸில் ஏறிக்கொண்டு இந்தப் பெயரைச் சொன்னால் கண்டக்டர் முகம் கொஞ்சம் கோணும். பாதி வழியில் இறங்குகிறவனைக் கண்டால் எந்தக் கண்டக்டருக்குத்தான் பிடிக்கும்? நத்தத்திலிருந்து சிங்கம்புணரிக்குப் போகிற சாலை இங்கேதான் குறுக்கே வெட்டுகிறது. ஆகவே ஊருக்கு வருகிறவர்களைக் காட்டிலும் ஊரைக் கடந்து போகிறவர்களே அதிகம். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஒரு தப்பும் செய்யாத மனிதர் ஒருவர்மேல் எட்டு மாத காலம் பழி போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு நான் வைத்திருந்த சாட்சி ஒரு கம்ப்யூட்டர் நிரல். அந்த நிரலை எழுதினவனும் நான்தான்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் தாய்மாமன் நாரதர் வேஷம் கட்டுகிறவர். சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த ஸ்பெஷல் நாடகம் எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதிலும் 'வள்ளி திருமணம்' என்றால் இரவு பத்து மணிக்கு ஆர்மோனியம் எழும்பி, விடிகிற வரைக்கும் ஓயாது. நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கத்தைக் கேட்பதற்கென்றே பக்கத்து ஊர்களிலிருந்து பாயும் தலையணையுமாக வருவார்கள். மாமனுடைய நாரதர் அந்தத் தர்க்கத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். 1986-ம் வருஷத் திருவிழாவில் அவர் கட்டிய நாரதரை நான் ஒரு டேப் ரிக்கார்டரை மேடைக்கு அடியில் வைத்துப் பிடித்தேன். ஏழு கேசட்டுகள், பதினான்கு பக்கங்கள். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. விடியற்காலை மங்களம் பாடும் சமயத்தில் ரிக்கார்டரின் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன் என்பதை எழுதாமல் விட்டால் மாமனுக்குத் துரோகம். அவர் இறந்து வெகு காலமாகிறது. அவருடைய குரல் உலகத்தில் வேறு எங்கும் இல்லை.

கேசட்டுகளில் பூஞ்சை ஏறத் தொடங்கியது. மதுரையில் டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், பழைய நாடாக்களைக் கம்ப்யூட்டர் கோப்புகளாக மாற்றித் தருகிற ஒருவர் இருந்தார். என்னைவிட இளையவர். நான் 'தம்பி' என்பேன், அவர் 'அண்ணே' என்பார். அவர் ஏழு கேசட்டுகளையும் துடைத்து, ஓட்டி, பதினான்கு ஒலிக்கோப்புகளாக்கினார். மாமனுடைய பாட்டு நோட்டையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து நாற்பத்தெட்டு கோப்புகள். அவற்றோடு 'விவரம்' என்று ஒரு கோப்பைத் திறந்து வைத்து, அதில் தேதியும் நடிகர் பெயர்களும் எழுதவேண்டும் என்று நினைத்து, எழுத மறந்துவிட்டார். ஆக, கோப்புகள் அறுபத்துமூன்று. 2023 பிப்ரவரியில் ஒரு பென் டிரைவில் அவற்றை ஏற்றிக் கொடுத்தார். கடையில் கூட்டம்; எனக்கோ மாட்டுத்தாவணிக்குப் போய்ப் பஸ் பிடிக்கிற அவசரம். திரையில் வேலை முடிந்தது மாதிரித் தெரிந்தவுடனே பென் டிரைவை நானே பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். இது எனக்கு எட்டு மாதம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

ஊருக்கு வந்து இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் பிரதி எடுத்தேன். பிரதி எடுத்தால் போதாது, பிரதி மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும் அல்லவா? முப்பது நிமிஷப் பாட்டை இரண்டு தடவை கேட்டு ஒப்பிடுவது மனிதனால் ஆகிற காரியம் இல்லை. இதற்குத்தான் செக்சம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரு கோப்பில் உள்ள அத்தனை பைட்டுகளையும் ஒரு முறைப்படி அரைத்து, கடைசியில் ஓர் எண்ணாகத் தருவது. ஷா-256 என்கிற முறையில் அந்த எண்ணுக்கு 64 இலக்கம். 0 முதல் 9 வரை போதாமல், ஏ முதல் எஃப் வரையுள்ள ஆங்கில எழுத்துக்களையும் இலக்கமாகச் சேர்த்துக்கொள்வார்கள். கோப்பு எத்தனை பெரியதானாலும் எண்ணுக்கு நீளம் அவ்வளவுதான். ஆனால் கோப்பில் ஒரே ஒரு பைட் மாறினாலும் எண் அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். இரண்டு இடத்தில் எடுத்த எண்ணும் ஒன்றானால் கோப்பும் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். எண் வேறானால் எங்கோ கெட்டிருக்கிறது.

சரிபார்க்கிற புத்தி நமக்குப் புதிதல்ல. ஏடு எழுதியவர்கள் எதையும் தொகை சொல்லித்தான் வைத்தார்கள். புறநானூறு என்று பெயரிலேயே நானூறு இருப்பதால்தான் 267-ம் 268-ம் கிடைக்கவில்லை என்று நமக்குத் தெரிகிறது. நற்றிணையில் 234-ம் பாட்டைக் காணோம் என்பதும் அப்படித்தான். தொகை சில சமயம் இடிக்கவும் செய்யும். குறுந்தொகையில் 401 பாட்டு இருப்பதைப் பற்றி அறிஞர்கள் இன்னும் பேசுகிறார்கள். அந்தாதி இன்னும் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம். நடுவில் ஒன்று விழுந்தாலும், வரிசை மாறினாலும் சங்கிலி அறுந்துபோய்க் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பாட்டுக்கு நடுவே ஒரு சொல் மாறினால் தொகையும் பேசாது, அந்தாதியும் பேசாது. அந்த ஒரு சொல்லையும் காட்டிக்கொடுப்பது செக்சம். (கருங்காலக்குடிக் குன்றில் இரண்டாயிரம் வருஷமாக ஒரு பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. அதற்கு யாரும் செக்சம் எடுக்கவில்லை. கல்லில் வெட்டினவனுக்கு அந்தக் கவலை இருந்திராது.)

செக்சம் எடுக்கிற நிரல் எந்தக் கம்ப்யூட்டரிலும் தயாராகக் கிடைக்கும். ஆனால் நான் அதை உபயோகிக்கவில்லை. உத்தியோகத்தில் இருந்த நாளில், 1990-களில், எங்களில் சிலரைப் பொறுக்கியெடுத்து சி மொழி கற்றுக்கொடுத்தார்கள். கதை எழுதுகிறவனுக்கு நிரல் எழுதவும் தெரியும் என்பதில் எனக்கு உள்ளூர ஒரு கர்வம். ஓய்வு பெற்றபின் பொழுதுபோக்காக ஒரு நிரல் எழுதி வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் ஷா-256 கணக்குப் போடுகிற பகுதி என்னுடையது அல்ல. அது எல்லோருக்கும் பொதுவாகக் கிடைப்பது. கோப்பைத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அந்தக் கணக்கில் போடுகிற பத்து வரிதான் நான் எழுதியது. இருந்தாலும் 'என் நிரல்' என்றுதான் சொல்லுவேன். சொந்த வீட்டுக்கு வாசற்கதவு மட்டும் போட்ட தச்சன்கூட இப்படிச் சொல்ல மாட்டான்.

என் இரண்டு டிஸ்குகளிலும் நிரலை ஓட்டினேன். அறுபத்துமூன்று எண்களும் அச்சாக ஒத்திருந்தன. பரம திருப்தி. மதுரைத் தம்பி தன் கடையிலும் ஒரு பிரதி வைத்திருந்தார். மூன்றாவது பிரதி வேறு ஊரில் இருப்பது நல்லது என்பதால், என் பட்டியலை அனுப்பி, அவருடையதைச் சரிபார்க்கச் சொன்னேன். அவர் உலகமெல்லாம் புழங்குகிற நிரலால் எண் எடுத்து அனுப்பினார். ஒப்பிட்டுப் பார்த்தேன். அறுபத்துமூன்றில் அறுபத்திரண்டு ஒத்துவரவில்லை.

இந்த இடத்தில் புத்தியுள்ள எவனும் கொஞ்சம் நின்று யோசித்திருப்பான். கெட்டுப்போனால் ஒன்று கெடும், நாலு கெடும். ஒட்டுமொத்தமாக அறுபத்திரண்டும் ஒரே நாளில் கெடுமா? எனக்கு அது தோன்றவில்லை. என் வீட்டில் இரண்டு டிஸ்கும் ஒத்துப்போகின்றன, அவர் கடையில் ஒத்துப்போகவில்லை. ஆகவே குற்றம் அவர் கடையில். இதுதான் என் தர்க்கம். நாரதர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

டெலிபோனில் கூப்பிட்டேன்.

"நீங்க வச்சிருக்கிற பிரதி பூராக் கெட்டுப் போச்சு" என்றேன். 'தம்பி' என்ற சொல் என் வாயில் வரவில்லை என்பதை அவர் கவனித்திருப்பார்.

"இல்லண்ணே, நான் ஒவ்வொண்ணையும் போட்டுக் கேட்டேனே. நல்லாத்தான் இருக்கு."

"காதை வச்சு என்ன கண்டுபிடிக்க முடியும்? கணக்குத் தப்புது. அழிச்சிருங்க எல்லாத்தையும். கெட்ட பிரதி இருக்கிறதுக்கு இல்லாமலே இருக்கலாம்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரிண்ணே" என்றார்.

இதோடு நின்றிருந்தால் பாதகமில்லை. மேலூரில் என் சிநேகிதர் ஒருவர் தம் தகப்பனாருடைய நாற்பது கேசட்டுகளை அதே கடையில் கொடுக்க இருந்தார். என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். "வேண்டாம், பிரதியைக் காப்பாற்றத் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டேன். சிநேகிதர் வேறு இடத்தில் கொடுத்தார். ஒரு சின்னக் கடைக்கு நாற்பது கேசட் என்பது ஒரு மாதத்து வேலை.

மே மாதத்தில் ஒரு நாள் ஆசைக்காக ஏழாவது கேசட்டைப் பழைய ரிக்கார்டரில் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது பக்கத்தில் நாடா இழுத்துக்கொண்டு அறுந்து, பற்சக்கரத்தில் சுற்றிக் கசங்கிப்போயிற்று. 'போகட்டும், கோப்புத்தான் இருக்கிறதே' என்று ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

அக்டோபரில் ஆயுத பூஜை விடுமுறைக்குத் தம்பி மகள் வந்தாள். சென்னையில் ஒரு கம்பெனியில் மற்றவர்கள் எழுதுகிற நிரல்களில் குற்றம் கண்டுபிடிப்பது அவளுக்கு உத்தியோகம். பூஜைக்குக் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த இரண்டு பட்டியல்களை எடுத்துப் பார்த்தாள். நான் கதையைச் சொன்னேன். என் பக்கத்துக் கதையைத்தான். அவள் விரல் பட்டியலில் ஒரு வரியில் நின்றது.

"பெரியப்பா, இது மட்டும் ஒத்துப் போகுதே?"

"அது ஒண்ணுதான் தப்பிச்சுது" என்றேன்.

"இது காலி ஃபைலு பெரியப்பா. ஈ3பி0சி4ன்னு ஆரம்பிக்குதில்ல? ஒண்ணுமே இல்லாத ஃபைலுக்கு ஷா-256 இப்படித்தான் வரும். எங்க ஆபீஸ்ல இதைப் பாத்தாலே சிரிப்போம். அந்தண்ணன் 'விவரம்'னு பேர் வச்சுட்டு ஒண்ணுமே எழுதலை."

நான் பேசாமல் இருந்தேன்.

"ஒண்ணுமில்லாதது மட்டும் சரியா வருது. ஏதாவது இருந்தாத் தப்பா வருது. அப்ப டிஸ்க் கெட்டுப் போகலை பெரியப்பா. உங்க நிரலைக் காட்டுங்க."

காட்ட மறுத்தேன். அதில் என்ன இருக்கிறது, பத்து வரி, இரண்டு டிஸ்கிலும் ஒரே விடை தருகிறது என்றேன். அவள் வாதம் செய்யவில்லை. 'ஏ' என்ற ஆங்கில எழுத்தை மட்டும் திரும்பத் திரும்ப எழுதிச் சில கோப்புகள் செய்தாள். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். நம் 'அ'வுக்கு மூன்று பைட் பிடிக்கும் என்பதால் அதைத் தொடவில்லையாம். ஒரு கோப்பில் 4096 எழுத்து, ஒன்றில் 4097, ஒன்றில் 5000, ஒன்றில் 8192. ஏன் இந்தக் கணக்கு என்று கேட்டதற்கு, "நீங்க பஃபர் எவ்வளவு வச்சிருப்பீங்கன்னு ஒரு ஊகம்" என்றாள். பிறகு பொது நிரலையும் என் நிரலையும் அவற்றின்மேல் ஓட்டினாள்.

4096-க்கு இரண்டு நிரலும் ஒரே எண்ணைச் சொல்லின. 8192-க்கும் ஒரே எண். 4097-க்கும் 5000-க்கும் பொது நிரல் வெவ்வேறு எண் சொல்லிற்று. என் நிரலோ 4097, 5000, 8192 மூன்றுக்கும் ஒரே எண்ணைச் சொல்லிற்று. ஒரு கோப்பு மற்றதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரண்டும் ஒன்றே என்று என் நிரல் சத்தியம் செய்தது. அதற்குமேல் நான் ஒன்றும் பேசவில்லை. நிரலைத் திறந்து காட்டினேன்.

குற்றம் இதுதான். கம்ப்யூட்டர் ஒரு பெரிய கோப்பை ஒரே வாயில் விழுங்காது. பஃபர் என்று ஓர் அளவுப் பாத்திரம் வைத்துக்கொண்டு, அதில் முகந்து முகந்து கணக்கில் கொட்டும். களத்தில் மரக்காலால் நெல் அளப்பது போலத்தான். எங்கள் தாத்தா அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார், 'லாபம்' என்பார். அப்புறம் இரண்டு, மூன்று என்று போகும். கடைசியில் குவியல் தீர்ந்து, மரக்கால் நிறையாமல் பாதியில் நிற்கும். அதை அவர் முழு மரக்காலாக எண்ண மாட்டார். படியை எடுத்து, உழக்கை எடுத்து, உள்ளது எவ்வளவோ அவ்வளவுதான் சொல்வார்.

என் மரக்காலுக்கு 4096 பைட் கொள்ளும். கோப்பிலிருந்து முகக்கிற கட்டளை, ஒவ்வொரு தடவையும் எத்தனை பைட் விழுந்தது என்று ஓர் எண்ணைத் திருப்பிச் சொல்லும். நிரலில் அதற்கு 'என்' என்று பெயர் வைத்திருந்தேன். அந்த 'என்' பூஜ்யமாகும் வரைக்கும் முகந்துகொண்டே இரு என்றும் சரியாகத்தான் எழுதியிருந்தேன். ஆனால் முகந்ததைக் கணக்கில் கொட்டுகிற வரியில், 'என்' எத்தனை சொல்கிறதோ அத்தனை என்று எழுதாமல், 4096 என்று எழுதிவிட்டேன். காலிக் கோப்பில் முதல் தடவையே பூஜ்யம் வந்துவிடுவதால், கொட்டுகிற வரிக்குப் போகவே இல்லை. அதனால்தான் அது ஒன்று தப்பிற்று.

கம்ப்யூட்டர் மரக்காலுக்கும் தாத்தாவின் மரக்காலுக்கும் இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. தாத்தாவின் மரக்காலைக் கவிழ்த்தால் காலியாகிவிடும். இதைக் கவிழ்த்தாலும் முன்பு முகந்த நெல் உள்ளேயே இருக்கும். புது நெல் விழுகிற இடத்தில் மட்டுந்தான் பழையது மறையும். கடைசி மரக்காலில் புதியது பாதிதான் விழுந்தது என்றால், மீதிப் பாதியில் முந்தைய மரக்காலின் பழைய நெல் அப்படியே கிடக்கும். என் நிரல் அதையும் சேர்த்து முழுசாக அளந்து கொட்டியிருக்கிறது. 4097 'ஏ'க்கள் உள்ள கோப்பில், இரண்டாவது மரக்காலில் விழுந்தது ஒரே ஓர் 'ஏ'. அடியில் கிடந்ததோ பழைய 4095 'ஏ'க்கள். ஆக 8192.

மாமனுடைய கேசட்டில் ஒரு பக்கம் சரியாக முப்பது நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விநாடி ஒலிக்கு 1,76,400 பைட். தலைப்புக்கு 44 பைட் சேர்த்துக் கோப்பின் அளவு 31,75,20,044 பைட். 77,519 மரக்கால் நிறைய நிறைய அளந்தபின், கடைசி மரக்காலில் விழுவது 2,220 பைட். மீதி 1,876 பைட் பழசு. ஒலியில் அது ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மனிதக் காது அதை என்னவென்று கண்டது! ஆனால் செக்சம் என்பது ஒரு பைட்டுக்கே தலைகீழாகப் புரள்கிற சாமான் ஆயிற்றே. அறுபத்திரண்டு எண்களும் புரண்டுவிட்டன. ஒரு கோப்பின் அளவு 4096-ன் மடங்காக அமைந்திருந்தால் அதுவும் தப்பியிருக்கும். அப்படி அமையவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. ஷா-256 முறையை வகுத்தவர்கள் இந்தக் கடைசி அரைகுறை மரக்காலுக்காக எவ்வளவு ஜாக்கிரதை எடுத்திருக்கிறார்கள் தெரியுமா? அந்த முறை உள்ளே 64 பைட் கட்டங்களாக அரைக்கும். கடைசிக் கட்டம் நிறையாவிட்டால், சரக்கு முடிந்த இடத்தில் ஓர் அடையாளம் வைத்து, மீதியைப் பூஜ்யங்களால் நிரப்பி, மொத்த நீளம் எவ்வளவு என்பதையும் இறுதியில் எழுதி, அதையும் சேர்த்தே அரைக்கவேண்டும் என்பது விதி. இத்தனை காவலும் கோட்டைக்குள். நான் கோட்டை வாசலிலேயே பழைய நெல்லைக் கலந்து கொடுத்தால் அது என்ன செய்யும்? கொடுத்ததைச் சத்தியமாகக் கணக்குப் போட்டது.

என் இரண்டு டிஸ்கும் ஏன் ஒத்துப்போயின என்பதும் இப்போது விளங்கிவிட்டது. இரண்டையும் அளந்தது ஒரே மரக்கால். இரண்டு தடவையும் ஒரே தப்பு. நிரலை முதலில் எழுதினபோது நான் சோதித்துப் பார்க்காமலும் இல்லை. ஏ, பி, சி என்ற மூன்று எழுத்துக்கு என்ன எண் வரவேண்டும் என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமே அச்சிட்டுக் கொடுத்திருக்கிறது; பிஏ7816 என்று ஆரம்பிக்கும். அந்த மூன்று எழுத்தை நேராகக் கணக்குப் பகுதியில் கொடுத்துப் பார்த்து, சரியான எண் வந்ததும் முதுகில் தட்டிக்கொண்டேன். சோதித்தது பிறத்தியார் எழுதிய பகுதியை. என்னுடைய பத்து வரிகளைச் சோதிக்கவே இல்லை.

பழைய சமாசாரம் ஒன்றும் அப்போது நினைவுக்கு வந்தது. 2021-ல் என் சின்னச் சின்னக் குறிப்புகளுக்கு இதே நிரலால் எண் எடுத்து வைத்திருந்தேன். ஒரு நாள் நடுவில் புதிதாக ஒரு கோப்பைச் சேர்த்தேன். நான் தொடவே தொடாத அடுத்த கோப்பின் எண் மாறிவிட்டது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று தீர்மானித்துப் புது டிஸ்க் வாங்கினேன். எல்லாக் கோப்புக்கும் ஒரே மரக்காலை வைத்திருந்தேன் அல்லவா? அந்தக் குறிப்பு ஒரு மரக்காலுக்கும் குறைவு. அடியில் கிடந்தது அதற்கு முன்னால் அளந்த கோப்பின் நெல். பக்கத்து வீட்டுக்காரர் மாறினால் இவர் எண்ணும் மாறும். அந்தப் பழைய டிஸ்க் இன்றைக்கும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.

தம்பி மகள் என்னைச் சமாதானப்படுத்த முயன்றாள். இந்தத் தப்பைப் பெரிய பெரியவர்களே செய்திருக்கிறார்களாம். அமெரிக்காவில் ஷா-3 என்கிற புது முறைக்காக உலகப் போட்டி ஒன்று வைத்தார்கள். 2008-ல் அறிஞர்கள் தங்கள் தங்கள் முறைகளை நிரலோடு அனுப்பினார்கள். பின்னாளில் நிக்கி மௌஹாவும் அவருடைய கூட்டாளிகளும் அந்தப் போட்டிக்கு வந்த 86 மாதிரி நிரல்களைச் சோதித்துப் பார்த்ததில் 41-ல் தப்பு இருந்தது. இறுதிச் சுற்றுவரை வந்த பிளேக் என்ற முறையின் நிரல்களில் இருந்த ஒரு தப்பு ஏழு வருஷம் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 2015-ல்தான் திருத்தப்பட்டது. போட்டியில் ஜெயித்த கெச்சாக்கும் தப்பவில்லை. அதை வகுத்தவர்களே 2011-ல் வெளியிட்ட நிரலில், அரைகுறையாக நிரம்பிய பாத்திரத்தின்மேல் ஏறத்தாழ 429 கோடி பைட்டை ஒரே தடவையில் கொட்டினால் கணக்குப் பிசகி, பாத்திரத்துக்கு வெளியே சிந்தும் என்று 2022-ல் அதே மௌஹா கண்டுபிடித்தார். பைத்தான், பி.எச்.பி. முதலிய மொழிகளிலெல்லாம் அந்த நிரல் குடியேறியிருந்ததாம்.

கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அறிஞர்கள் தங்கள் தப்பை வைத்துக்கொண்டு டவுன்ஹால் ரோட்டுக் கடைக்காரர் ஒருவருடைய பிழைப்பில் மண் போட்டார்களா என்பதை அவள் சொல்லவில்லை.

திருத்தம் செய்ய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. 4096 என்ற நான்கு இலக்கத்தை அடித்துவிட்டு, 'என்' என்ற ஓர் எழுத்து. பிறகு அவள் வேறொரு வரியையும் சேர்க்கச் சொன்னாள். முகக்கிற கட்டளை பூஜ்யம் என்று சொன்னால் இரண்டு அர்த்தம் உண்டாம்: கோப்பு முடிந்திருக்கலாம், அல்லது டிஸ்கில் பழுது ஏற்பட்டு மேலே படிக்க முடியாமல் போயிருக்கலாம். என் நிரல் இரண்டையும் 'முடிந்தது' என்றே எடுத்துக்கொண்டது.

"படிச்சு முடிச்சு நின்னுச்சா, படிக்க முடியாம நின்னுச்சான்னு கேக்கணும் பெரியப்பா. கேக்காட்டி அது தானாச் சொல்லாது."

மறுபடியும் அறுபத்துமூன்றையும் ஓட்டினோம். எண்கள் ஒவ்வொன்றாக மதுரைப் பட்டியலோடு ஒத்துக்கொண்டே வந்தன. நாற்பத்தெட்டுப் படங்கள். 'விவரம்'. ஒலியில் ஒன்று முதல் பதின்மூன்று வரை. பதினாலாவது ஒத்துவரவில்லை.

"திரும்ப ஓட்டு" என்றேன். ஓட்டினாள். அதே எண். பொது நிரலால் பார்த்தோம். அப்போதும் அதே எண். என் நிரலில் இப்போது தப்பில்லை. என் டிஸ்கில் இருந்தது.

கோப்பின் அளவு மதுரைப் பட்டியலில் இருந்தபடியேதான் இருந்தது. போட்டுக் கேட்டோம். மாமன் மங்களம் பாடுகிறார். மங்களம் முடிகிற தறுவாயில் ஒலி நின்று, அப்புறம் நிசப்தம். நாற்பது விநாடி நிசப்தம். இதை நான் முன்பே கேட்டிருக்கிறேன். நாடா அங்கே தீர்ந்துபோயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் அந்த இடத்தைத் திறந்து பார்த்தாள். நெடுக வெறும் பூஜ்யம். "பென் டிரைவைச் சொல்லாமப் பிடுங்கினா இப்படி ஆகும். இவ்வளவு இடம் வேணும்னு முதல்லயே பட்டா எழுதி வச்சுக்கும். உள்ள குடி வர்றதுக்குள்ள பிடுங்கிட்டா வெத்து இடமா நின்னுரும். கடைசியா ஏறின ஃபைலுக்குத்தான் அப்படி வரும்" என்றாள். யார் பிடுங்கியது என்று அவள் கேட்கவில்லை.

ஏழாவது கேசட்டின் நாடா அறுந்து ஒரு தகர டப்பாவில் கிடக்கிறது. என் இரண்டு டிஸ்கிலும் இருப்பது ஒரே பூஜ்யம். ஒன்றைப் பார்த்து எடுத்ததுதானே மற்றது. நல்ல பிரதி உலகத்தில் ஒரே இடத்தில் இருந்தது. அதைத்தான் அழிக்கச் சொல்லியிருந்தேன்.

அன்றிரவு தூக்கமில்லை. டெலிபோனில் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனேன். போகிற வழியில் மேலூரில் இறங்கிச் சிநேகிதரைப் பார்த்து உள்ளதைச் சொன்னேன். அவர் கேசட்டுகள் எல்லாம் முன்பே வேறு இடத்தில் முடிந்து வந்துவிட்டன. "அடடா, நல்ல மனுஷன் ஆச்சே" என்று என்னையே பார்த்தார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

கடையில் தம்பி ஒரு பழைய ரேடியோவைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்கண்ணே" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பஸ்ஸில் வரும்போது நான் தயார் செய்துகொண்டு வந்த வார்த்தைகள் எதுவும் உதவவில்லை. இரண்டு பட்டியலையும் எடுத்து மேஜைமேல் வைத்து, "தப்பு என்னோடது தம்பி. என் நிரல்ல. கெட்டதும் என் வீட்டுலதான்" என்றேன்.

அவர் பட்டியலைப் பார்க்கக்கூட இல்லை. "பரவாயில்லண்ணே. கம்ப்யூட்டர்ல இதெல்லாம் சகஜம்" என்றார்.

"அழிச்சிட்டீங்களா?"

அவர் அலமாரியைத் திறந்தார். வரிசையாக டிஸ்குகள், ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி மையால் பெயர் எழுதியிருந்தது. ஒன்றை எடுத்து வந்து மாட்டினார். "அழிக்கணும்னுதான் உக்காந்தேன். அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுருவோம்னு போட்டேன். உங்க மாமா சாரீரத்தைக் கேட்டப்புறம் கை போகலைண்ணே. பணம் வாங்கின வேலை, உங்க சரக்கு, சொன்னாக் கேக்கணும். கேக்காம வச்சுக்கிட்டேன். அதைச் சொல்லணும்னுதான் இருந்தேன், நீங்க கோவமா இருந்தீங்க."

பதினாலாவது கோப்பைப் போட்டார். மங்களம். என் டிஸ்கில் நின்றுபோகிற இடம் வந்தது, நிற்கவில்லை. மாமன் கடைசி அடியை இழுத்து முடித்தார். ஜால்ரா இரண்டு தடவை தட்டி ஓய்ந்தது. ஜனங்கள் எழுந்து பாயைச் சுருட்டுகிற சத்தம். யாரோ ஒரு குழந்தை அழுகிறது. ஆர்மோனியக்காரரின் இருமல். பிறகு வெகு சமீபத்தில், மேடையிலிருந்து குனிந்து சொல்கிற மாதிரி, நாரதர் குரல் போய் மாமன் குரல்:

"டேய் மாப்ளே, தூங்கிட்டியாடா? டேப்பு ஓடுதா, நின்னுருச்சா? பாரு."

அதற்கப்புறம் ஒரு 'டக்'. பொத்தானை அழுத்தி நிறுத்தியது நானா அவரா என்று எனக்கு நினைவில்லை.

தம்பி கொஞ்ச நேரம் ரேடியோவை நோண்டிக்கொண்டிருந்தார். பிறகு, "பென் டிரைவ் கொண்டாந்திருக்கீங்களாண்ணே?" என்றார். கொடுத்தேன். கோப்பு ஏறிக்கொண்டிருந்தது. பென் டிரைவில் ஒரு சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. திரையில் வேலை முடிந்ததாகக் காட்டியது. என் கை தானாக நீண்டது.

"இருங்கண்ணே" என்றார். "விளக்கு இன்னும் எரியுது."